பஸ் விட்டுப்போன ஊரில் ஒரு வீடு

அரசு வங்கியில் எனக்கு அதிகாரி வேலை கிடைத்த அன்று அப்பா திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுக்குப் போய், உறவுக்காரர்கள் வீடு ஒன்று விடாமல் லட்டு கொடுத்துவிட்டு வந்தார். முப்பத்திரண்டு வருஷம் நூற்பாலையில் ஷிப்ட் பார்த்த மனிதர். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இருமிக்கொண்டே படிக்க வைத்த மகள், இனி ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறாள். அந்தச் சந்தோஷத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று லட்டு தின்றவர்களில் ஒருவர்கூட ஏழு வருஷத்தில் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், அது போதும் அவர்களுக்கு.

உள்ளே பத்து மணிக்குக் கதவு திறக்கும். பத்தே காலுக்கு டிரான்ஸ்ஃபர் பேச்சு தொடங்கும். யாரை எந்த மாநிலத்துக்குத் தூக்கி அடிக்கப்போகிறார்கள், யார் யாரைப் பிடித்து அதை நிறுத்தினார்கள், யாருக்கு முதுகுவலிச் சான்றிதழ் கிடைத்தது. மதியச் சாப்பாட்டிலும் அதே பேச்சுதான், வெஞ்சனம் மட்டும் தினம் மாறும். என் பக்கத்து மேசையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா இருந்தார். ஓய்வு பெற இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காட்டும் செயலி ஒன்றை செல்போனில் வைத்திருந்தார். காலையில் அதைத் திறந்து, ஒரு நாள் குறைந்திருப்பதைப் பார்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தட்டுவார். தன் ஆயுளில் ஒரு நாள் போனதற்குச் சாமிக்கு நன்றி சொல்கிற ஆளை நான் அங்கேதான் பார்த்தேன்.

மேனேஜர் ஒட்டன்சத்திரத்துக்காரர். மரியாதை தெரிந்த மனிதர், அதைவிட அதிகமாகப் பயம் தெரிந்த மனிதர். வழக்கமான கடையை விட்டு வேறு கடையில் சாப்பாடு வாங்கலாம் என்று யாராவது சொன்னால்கூட, "எதுக்குங்க ரிஸ்க்கு?" என்பார்.

என்னை மட்டும் உத்தமி என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து மானாவாரி விவசாயி ஒருவர் நகைக்கடனுக்கு வந்தார். கடன் கேட்டு வந்தவர் தலையில், அவருக்குத் தேவையே இல்லாத காப்பீட்டுப் பாலிசி ஒன்றைக் கட்டி அனுப்பினேன். மேலிடத்திலிருந்து அந்த மாதம் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லாருக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கேக் வெட்டி எனக்குக் கைதட்டினார்கள். நானும் கேக்கைத் தின்றேன்.

ஆறாவது வருஷம் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து வியட்நாமுக்கு பேக்கேஜ் டூர் போனோம். மலிவாம். மதுரையிலிருந்து ஒரு டூர்காரர் சமையல்காரரோடு கூட்டிப்போனார். இருபத்திரண்டு பேர். கடல் கடந்துபோய் மூன்று வேளையும் சாம்பாரும் ரசமும் சாப்பிட்டோம். கடற்கரையில் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் குழம்பு எதில் செய்கிறார்கள் என்று பயந்து, எங்கள் ஆட்கள் தெருவில்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். "நம்ம ஊரு மாதிரி வருமா?" என்று ஒருவர் சொல்ல, இருபது பேர் தலையாட்டுவார்கள். நானும் இரண்டு தடவை ஆட்டியிருப்பேன்.

நான்காம் நாள் ஃபான் ராங் என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் ஒரு திராட்சைக் கடையில் பஸ் நின்றது. நான் பின்பக்கம் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தால் பஸ்ஸைக் காணோம். செல்போன் பஸ் சீட்டில் சார்ஜில் கிடந்தது, பாஸ்போர்ட் வழிகாட்டியின் பையில். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: வழிகாட்டி தலை எண்ணியிருக்கிறார், சமையல்காரரையும் சேர்த்து எண்ணிவிட்டார். அது போதாதென்று அந்த அக்கா, "எல்லாரும் இருக்கோம், வண்டிய எடுங்க, சாப்பாடு ஆறிப்போகுது" என்றிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து முறுக்குப் பொட்டலம் கொடுக்கும்போது ஒன்று மிஞ்சியதாம். அப்போதுதான் நான் இல்லாதது தெரிந்திருக்கிறது.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஓலைத்தொப்பி போட்டிருந்தார். என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். தன் போனில் எதையோ பேசி, அது ஆங்கிலமாக மாறியதும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'பசிக்கிறதா?' என்று இருந்தது.

அழ வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். காய்ந்த மண், சப்பாத்திக்கள்ளி, பாறைக் குன்று, குன்றின் சரிவில் ஆடு. இருபத்திரண்டு பேரில் என்னை மட்டும் குஜிலியம்பாறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களோ என்று சிரிப்பு வந்தது. ஐந்து மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றேன். யார் மகள், என்ன ஆளுக, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை என்று அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு ஜீவன் கேட்கவில்லை. முப்பது வயதில் எனக்கு அது முதல் அனுபவம். ஒரு கட்டத்தில் தூங்கிக்கூடப் போனேன்.

வேன் வந்து கூட்டிப்போனபோது அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "எங்கடி போன? உங்கப்பாவுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

மேனேஜர், "ஏனுங்க, எறங்குறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கக் கூடாதுங்களா?" என்றார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று அவர்களும் கேட்கவில்லை. ஆனால் கடைக்காரம்மாவின் நம்பரை நான் வாங்கி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆபீஸில் என் பெயர் 'காணாமப்போனவ'. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்றை இணையத்தில் முடித்தேன். கடைக்காரம்மா பந்தல் படம் அனுப்புவார். நான் சிறுமலை படம் அனுப்புவேன். இருவருக்கும் பொதுவான மொழி அந்த போன் மட்டும்தான்.

ராஜினாமாக் கடிதத்தை மேனேஜர் மூன்று முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கல்யாணமுங்களா?"

"இல்ல சார்."

"ஒடம்புக்கு ஏதுமுங்களா?"

"நல்லாருக்கேன் சார்."

"அப்புறம் எதுக்குங்க?"

"ஊர் சுத்தப் போறேன் சார். புடிச்ச எடத்துல இருந்துக்கப் போறேன்."

அவர் முகம் உண்மையிலேயே வெளிறிவிட்டது. நான் வேலையை விடுவது தன் பதவிக்காலத்தில் நடந்தது என்று எங்காவது பதிவாகிவிடுமோ என்று பயந்தார் என்றுதான் அன்று நினைத்தேன். மூன்று மாத நோட்டீஸ். அந்த மூன்று மாதமும் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோல் புன்னகைத்தார்.

வீட்டில் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். அம்மாவைப் பார்த்து, "அவகிட்டக் கேளு, கரண்ட் பில்லு எங்க வச்சான்னு" என்பார். நான் அம்மாவைப் பார்த்து, "டிவிக்கு மேல இருக்குன்னு சொல்லு" என்பேன். அம்மா இருவரையும் பார்த்து, "நான் என்ன போஸ்டாபீசா?" என்பாள். மூன்று மாதமும் எங்கள் வீடு இப்படி நடந்தது.

அத்தை எரியோட்டிலிருந்து வந்தார். வந்ததும் என்னை மட்டும் சமையலறைக்கு இழுத்துப்போனார்.

"எவன்டி அவன்?"

"எவனும் இல்லத்த."

"வேத்து சாதியா? வேத்து மதமா? என்னன்னாலும் சொல்லித் தொல. ஒங்கப்பன்கிட்ட நான் பேசுறேன்."

"நெசமாவே யாருமில்லத்த."

அத்தையின் முகம் தொங்கிப்போனது. ஆள் இருந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். எதிர்க்கலாம், அழலாம், சாபம் விடலாம், கடைசியில் சமாதானமாகி மண்டபம் பார்க்கலாம். ஒரு பெண் ஆள் இல்லாமல், சும்மா, தனக்காகவே கிளம்புகிறாள் என்றால் அதற்கு என்ன செய்வது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. "கிறுக்கு புடிச்சிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

அம்மா பழனிக்குக் கூட்டிப்போனாள். மலையில் வரிசையில் நின்ற இரண்டு மணி நேரமும் உதடு முணுமுணுத்தபடியே வந்தாள். இறங்கும்போது கேட்டாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"விசா கெடைக்கணும்னு."

முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடுத்த படியில் தனக்குத் தானே சிரித்தாள். அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டு ஆட்களில் சிரித்தது அவள் ஒருத்திதான்.

கிறுக்கு என்று அத்தை சொன்ன வார்த்தையை அப்பா பிடித்துக்கொண்டார். மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினார். நான் மறுக்கவில்லை. எவ்வளவு தூரம் போகிறார்கள் பார்ப்போம் என்றிருந்தேன். மருத்துவர் அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, யாராவது காதில் பேசுகிறார்களா என்று ஐந்தாறு கேள்வி கேட்டார். வீட்டில் எல்லோரும்தான் பேசுகிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வியட்நாம்னா சொன்னீங்க? அங்க மெடிக்கல் காலேஜெல்லாம் எப்படிம்மா? எம் பையன் ரெண்டு தடவ நீட் எழுதிட்டான்" என்றார்.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். மருத்துவர் அப்பாவை உள்ளே கூப்பிட்டு, "பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள் போயிட்டு வரட்டும்" என்று சொல்லி, ஒரு வைட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் வீட்டில் எதிர்ப்பு நின்றது. முப்பத்தோரு வயதுப் பெண் யோசித்து எடுத்த முடிவுக்கு மதிப்பில்லை. பையனுக்கு சீட் தேடுகிற ஒருவர் எழுதிய சீட்டுக்கு மதிப்பு இருந்தது.

வழியனுப்பு விழாவில் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நாடு நாடாகச் சுற்றப் போகிறவளுக்குச் சுவர்க்கடிகாரம். அக்கா மைக்கில், "சின்னப் பொண்ணு, அறியாம முடிவெடுத்திருச்சு, சீக்கிரம் நல்ல புத்தி வரணும்" என்றார். அரை மணி நேரம் கழித்து, கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, "நீ குடுத்து வச்சவடி" என்றார். குழாய்ச் சத்தம் இல்லாமல் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

கிளம்பினேன். முதல் எட்டு மாதம் தாய்லாந்து, லாவோஸ் என்று சுற்றினேன். ஆபீஸைவிட்டு வந்தால் வேறு ஜாதி மனிதர்களைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். பார்த்தேன். தங்கும் விடுதிகளில் எல்லோரும் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாகத் தேடுகிறேன் என்பான் ஒருவன், இரண்டு வருஷமாக என்பாள் இன்னொருத்தி. தேடுகிறவர்கள் யாரும் தாங்கள் தின்ற தட்டைக் கழுவி நான் பார்க்கவில்லை. எங்கே மலிவு, எங்கே விசா சுலபம், எந்த எல்லையில் என்ன கேட்பார்கள் என்பதுதான் ராத்திரி பகலாகப் பேச்சு. டிரான்ஸ்ஃபர் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே பெங்களூரிலிருந்து வந்த ஒருவன் இருந்தான். வேலையை விடுங்கள், உலகத்தைப் பாருங்கள் என்று வீடியோ போடுகிறவன். ஊரில் அவன் அப்பாவுக்கு வாடகை வருகிற அடுக்குமாடி இரண்டு உண்டு என்பதை வீடியோவில் சொல்ல மாட்டான். என் கதையைக் கேட்டதும் அவன் கண் விரிந்தது. சின்ன ஊர், பேங்க் வேலை, பெண். ஆற்றங்கரையில் உட்கார வைத்து ஆங்கிலத்தில் பேசச் சொன்னான். முதல் தடவை சரியில்லை என்றான். இரண்டாம் தடவை இன்னும் உணர்ச்சி வேண்டும் என்றான். மூன்றாம் தடவை நான் அழுதேன். அழுதுகொண்டே, 'முப்பது வருஷம் ஒரு ஜெயிலில் இருந்தேன்' என்றேன். பஸ் விட்டுவிட்டுப் போனபோது வராத கண்ணீர், கேமராவுக்கு வந்தது. பிறருடைய நடிப்பையெல்லாம் இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டிருக்கிறேனே, என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். ஒரு வாரம் எனக்குத் தலை கனத்திருந்தது.

அதற்குப் பிறகு சுற்றுவது சலித்தது. திராட்சைக் கடை அம்மாவுக்கு எழுதினேன். 'மாடியில் அறை சும்மா கிடக்கிறது, வா' என்று பதில் வந்தது. போனேன்.

ஃபான் ராங்கில் ஒரு ஆங்கில வகுப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். அதில் பொன்னிற முடியோடு ஒரு வெள்ளைக்கார வாலிபன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிதார் தெரியும். இறந்த காலம், நிகழ்காலம் எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். அவன் முன்னறையில் பாட்டுப் பாடுவான். நான் பின்கட்டில் இலக்கணம் நடத்துவேன். என் படமும் பேனரில் வருமா என்று உரிமையாளரைக் கேட்டேன். "பெற்றோருக்கு வெளிநாட்டு ஆசிரியர்தான் வேண்டும்" என்றார்.

"நானும் வெளிநாட்டுக்காரிதானே?"

"அது வேறு மாதிரி வெளிநாடு" என்றார் சிரித்துக்கொண்டே.

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிற வழக்கத்தை நான் ஊரில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு முன்னால் விமானம் ஏறி வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

பெற்றோர்களை அழைத்து வகுப்பைக் காட்டும் நாள் வந்தது. என்னைப் பின்கட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்து மணி நிகழ்ச்சிக்குப் பத்தரை வரை வாலிபன் வரவில்லை. முந்தின நாளே வேறு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. உரிமையாளர் வேர்த்துக்கொண்டே என்னிடம் ஓடிவந்தார். நான் போய் முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் எழுந்து நின்று, நேற்று என்ன சாப்பிட்டோம், நாளைக்கு எங்கே போவோம் என்று பிழையில்லாமல் சொன்னார்கள். கைதட்டல் முடிந்ததும் முன்வரிசைத் தாய் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, வெள்ளைக்கார ஆசிரியர் எப்போது வருவார்?" என்று கேட்டார்.

அன்றே விலகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். விலகவில்லை. வேலை அனுமதி அந்த நிலையத்தின் பெயரில் இருந்தது. அடுத்த வாலிபன் வந்தான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்தான். நான் இரண்டு வருஷம் பின்கட்டில் இருந்தேன். திராட்சைக் கடை அம்மாதான் ஒருநாள் வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்த பழக்கூடைகளை எல்லாம் எடுத்து வெளியே அடுக்கினார். 'இங்கே நடத்து. உரிமம் என் பெயரில் வாங்குகிறேன்' என்று போனை நீட்டினார். காகிதங்கள் சரியாக ஏழு மாதமாயிற்று. கடற்கரை ஓட்டல்களில் வேலை பார்க்கிறவர்கள்தான் முதலில் வந்தார்கள். அவர்களுக்கு வேலைக்கு மொழி தேவை, கற்றுக்கொடுக்கிறவள் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

நான்காவது வருஷம் அத்தை மகள் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் வந்தேன். மண்டபத்தில் நுழைந்ததும் மரியாதை பலமாக இருந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூரத்து மாமா ஒருவர் வந்து, "ஆத்தா, பேங்க்ல ஒன்னய வெளிநாட்டு பிராஞ்சுக்கு அனுப்பியிருக்காங்களாமே! அம்புட்டுப் பேர்ல ஒன்னயத்தான் தேர்ந்தெடுத்தாகளாம்ல?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா பந்தி பரிமாறும் இடத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப்போனேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய மேனேஜர் வந்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம். அத்தையின் சம்பந்தி வீட்டுக்குப் பழக்கமாம். மாமா விடவில்லை. "இந்தா, சாரே வந்துட்டாரு. ஏன் சார், புள்ள அங்க நல்லா வேல பாக்குதா?" என்று கேட்டுவிட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், கழுத்து வேர்த்திருந்தது.

"ஆமாமுங்க. அங்க ரொம்ப நல்ல பேருங்க அம்மிணிக்கு" என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

அத்தனை வருஷம் அவர் கீழே வேலை பார்த்து, அவருக்கு இப்படி ஒரு பொய் சொல்லத் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு இந்தப் பொய்யி? நான் பண்றது அம்புட்டு அசிங்கமாவா இருக்கு ஒங்களுக்கு?"

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அவசரப்படாமல் உட்கார்ந்தார்.

"நீ ஒரு வீடியோ போட்டல்ல? ஆத்தங்கரையில ஒக்காந்து."

கொடியிலிருந்து நழுவிய சட்டையை எடுத்துத் திரும்பப் போட்டேன்.

"ஊருல பத்துப் பேரு எனக்கு அனுப்புனாங்க. இங்கிலீசுல இருந்துச்சு, அவனுகளுக்கு ஒண்ணும் வெளங்கல. 'ஒங்க மக ஏதோ பேசுது, என்னண்ணே?'ன்னு கேட்டாங்க. பேங்க்ல அனுப்பியிருக்காங்க, அதப்பத்திப் பேசுதுன்னேன். அப்புறம் மாடியில குடியிருக்குற டீச்சரம்மாகிட்டக் கொண்டுபோய்க் காட்டுனேன். அது கேட்டுக் கேட்டுச் சொல்லுச்சு. முப்பது வருசம் ஜெயில்ல இருந்தேன்னு சொல்லியிருக்க."

"அது அவன் சொல்லச் சொல்லி..."

"அழுதுக்கிட்டே சொல்லியிருக்க. ஏன் ஆத்தா, முப்பது வருசமும் நான் ஜெயிலா வச்சிருந்தேன்? பேங்க்தான் ஏழு வருசம். மிச்சம் இருபத்திமூணும் இந்த வீடுல்ல?"

நான் அந்த வாக்கியத்தை யோசித்துக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது தடவைக்கு வாயில் வந்தது.

"நீ கெளம்பிப் போயிட்ட. தெனமும் அந்த ரோட்டுல நடந்து டீக்கடைக்குப் போறவன் நானு. கேக்குறவனுக்கு ஏதாச்சும் சொல்லணும்ல? ஜெயிலுன்னு சொல்லவா? பேங்க்னு சொன்னேன்."

ஊரையும் ஆபீஸையும் நான்கு வருஷம் தொலைவிலிருந்து நக்கலடித்துக்கொண்டிருந்தேன். தொலைவில் இருப்பது அதற்கு வசதியாக இருந்தது. அப்பாவுக்கு அந்த வசதி கிடையாது. இதை அவரிடம் சொல்லவில்லை. "அந்த வீடியோவ எடுக்கச் சொல்றேம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். "என்னமும் செய்யி" என்றார்.

அந்த பெங்களூர்க்காரனுக்கு எழுதினேன். அவன் பதில் எழுதினான்: தன் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்தது அதுதானாம், அதை எடுக்க மனமில்லையாம், நான் அச்சத்தை விட வேண்டுமாம். கீழே ஒரு சூரியகாந்திப்பூ வேறு. நாலு முறை எழுதிப் பார்த்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அதில் பேசுகிறவள் அழுத அளவுக்கு யோக்கியமானவள் இல்லை.

அப்பா தன் கதையை மாற்றவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை. தூரத்து மாமா ஒருமுறை போன் செய்து, தன் மகனுக்கு அந்த பிராஞ்சில் ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்த விஷயத்தில் இப்போது நானும் கூட்டாளிதான்.

என்னோடு வந்து இருக்கும்படி இரண்டு பேரையும் கூப்பிட்டேன். அப்பா பாஸ்போர்ட்டே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா எடுத்தாள். இந்த வருஷம் இருபது நாளைக்கு என்று தனியாக வந்தாள். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் ஒரு பெட்டியும் இரண்டு கட்டைப்பையுமாக வந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக எரியோட்டுக்கும் பழனிக்கும் அப்பால் தனியாகப் பயணம் செய்தவள் முகம் எப்படியிருக்கும் என்று பார்த்தேன். கோபமாக இருந்தது. விமானத்தில் கொடுத்த காப்பி வாயில் வைக்க முடியவில்லையாம்.

வந்த மறுநாளே அம்மா, கடைக்காரம்மா பந்தலில் கொடியைக் கட்டியிருந்த விதத்தில் குறை கண்டுபிடித்தாள். அவள் அப்பா வெள்ளோடு பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் அவளோடு பேசியிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மா தமிழில் திட்டினாள். அந்த அம்மா அவர் மொழியில் எதிர்த்துப் பேசினார். போனை நீட்டி மொழிபெயர்க்கலாம் என்று நான் போனால் இரண்டு பேரும் என்னை விரட்டிவிட்டார்கள். சாயங்காலத்தில் கடையில் உட்கார்ந்து, பஸ்ஸில் வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்களுக்கு அம்மா திராட்சை எடை போட்டுக் கொடுத்தாள். பந்தலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்கிற ஆட்களாக இருந்தால், "இதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் வருதுக?" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

பத்தொன்பதாம் நாள் பெட்டியை இறக்கி அறையில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதமாதிரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"காய்ப்பு முடியுற வரைக்கும் இருந்துட்டு வாரேன். ஒங்கப்பாகிட்ட நீயே சொல்லு."

"நீ சொல்லும்மா."

"எனக்கு இங்க வேல கெடக்குது" என்றாள்.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சோத்துக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டார். அம்மாவிடம் போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஏணியின் இரண்டாவது படியில் நின்றபடி, காய்ந்த கொடி ஒன்றை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, "ரெண்டு தெரு தள்ளி மெஸ்ஸு இருக்குல்ல, காலு நல்லாத்தான இருக்கு, நடக்கச் சொல்லு" என்றாள்.